ஏலத்துக்கு வந்த என் கை

இன்று காலை நைனா போனும் கையுமாக ஓடி வந்தார். "பாப்பா, நம்மகிட்ட இருக்குற மாதிரியே ஒரு செஞ்சி நாயக்கர் காசு ஆன்லைன் ஏலத்துல வந்துருக்குது. முன்பணம் கட்டிட்டா ஜோடி சேர்ந்துடும்!"

படத்தைப் பார்த்தேன். காசை ஏந்திய உள்ளங்கையில் ஊதா மைக்கறை. பள்ளிக் கண்காட்சியன்று நான் இந்தப் பக்கத்தில் போட்ட அதே படம்.

"நைனா, இது நம்ம காசு. என் கை!"

"அடப்பாவி, இன்னா துணிச்சல்!" என்றவர், பணம் அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்.

விற்பவரிடம் பின்பக்கப் படம் கேட்டேன். "முன்பணம் கட்டுனாதான் காட்டுவோம் மேடம். எங்க தாத்தா வச்சிருந்த காசு."

தாத்தா காசாம்! கறையை அழிக்கக்கூடத் துப்பில்லை.

காசு எங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஏலம் இன்னும் ஓடுகிறது. எடுப்பவருக்கு என் கையையும் சேர்த்து அனுப்புவாரா என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள். திங்கட்கிழமை எனக்குப் பரீட்சை.