முருங்கைக்குப் பதில் முளைத்த கருவேலம்

இன்று மந்தாரக்குப்பம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் லேப்டாப்பில் நம்ம ஊர் மேப், முழுக்கச் சிவப்புப் புள்ளி.

"இன்னாம்மா, ஊருக்கே அம்மை போட்டுடுச்சா?"

சிரித்தாள். சீமைக்கருவேலம் அடுத்து எங்கே பரவும் என்று கணக்குப் போடுகிறாளாம். நான் எந்தக் காலனி என்று கேட்டாள், சொன்னேன்.

"நடுவுல நிலக்கரிச் சுரங்கம் இருக்குதுங்க. அதைத் தாண்டி உங்க காலனிக்கு எப்படி வந்துதுன்னுதான் புரியலை."

எனக்குப் புரிந்தது. சுரங்கத்துக்காக ஊரைக் காலி செய்தபோது, புது வீட்டில் முருங்கை வைக்க என் மனைவி ஒரு மூட்டை ஆட்டெரு கொண்டுவந்தாள். ஆடு தின்றதெல்லாம் கருவேலங்காய். முருங்கை பட்டுப்போச்சு, கருவேலம் முளைத்தது.

"என் பொண்டாட்டிதாம்மா தூக்கிகினு வந்தா."

"அவங்ககிட்ட பேசலாங்களா?"

"போன தையில போய்ட்டாம்மா."

லேப்டாப்பை மூடிவிட்டு, "மரத்தை வேரோட எடுத்துடுங்கய்யா" என்றாள்.

தலையாட்டிவிட்டு இறங்கினேன்.

வெட்டாமலிருக்க நல்ல சாக்கு இருந்தால் சொல்லுங்க மக்களே.