எத்தனை நாள் நடை?

வெள்ளை நூலின் ஒரு முனையை எருசலேமின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மீதி நூலை வரைபடத்துப் பாதையின் வளைவுகளோடு நெளிய விடுகிறார் சர்வேயர். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. “ரோடு என்ன, ரூலர் போட்ட மாதிரியா போகும்? மலையைச் சுத்தணும், செருப்பு அறுந்தா உக்காரணும்” என்கிறார். பிறகு நூலை நிமிர்த்தி அளவுகோலோடு ஒட்டிப் பார்க்கிறார். அடுத்து வரப்போகும் கேள்வி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். “இப்ப சொல்லுங்க, எத்தனை நாள் நடை?”

நில அளவை அலுவலகத்தில் முடி நரைக்கும்வரை அளவுச் சங்கிலி பிடித்தவர். ஓய்வு பெற்றதும் அளக்க நிலம் இல்லாமல் கை அரித்திருக்க வேண்டும். பைபிளை அளக்க ஆரம்பித்துவிட்டார். வியாழக்கிழமை மாலைகளில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாங்கள் கூடுவோம். பேக்கரிக்காரர், கணக்கு டீச்சர், என் மனைவி, அவள் இழுத்த இழுப்புக்கு வந்த நான். தொண்டையில் முள்ளாய்க் குத்தும் வசனங்களை மட்டும்தான் அங்கே எடுப்போம். மற்ற இடங்களில் அவற்றைக் கேட்டால், விசுவாசம் போதாது என்று வாயை அடைத்துவிடுவார்கள். சர்வேயர் அப்படிச் செய்ததே இல்லை. யார் யாருக்குச் சொன்னது, எந்த ஊரில் சொன்னது, அந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கிளம்பிவிடுவார்.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை என்று லவோதிக்கேயா சபை திட்டு வாங்கும் இடத்தில் டீச்சர் சண்டைக்கே வந்துவிட்டார். “சூடுன்னா பக்தி, குளிர்ன்னா பக்தியே இல்லைன்னுதானே சொல்லிக்குடுத்தாங்க? வெதுவெதுப்பா இருக்கிறதுக்குக் குளிரே தேவலைன்னு கடவுள் சொல்லுவாரா சார்?”

“அந்த ஊருக்கு நல்ல தண்ணி கிடையாது டீச்சர். ஒரு பக்கத்து ஊர்ல வெந்நீர் ஊத்து, உடம்பு வலிக்குக் கேக்கும். இன்னொரு ஊர்ல சில்லுன்னு தண்ணி, குடிக்க நல்லா இருக்கும். ரெண்டுமே உபயோகம்தான். இவங்க குழாய்ல வந்து சேர்றது மட்டும் ரெண்டுங்கெட்டான். வாயில வச்சாக் குமட்டும்.”

“எங்க வீட்டுக் காபின்னு சொல்லுங்க” என்றார் பேக்கரிக்காரர். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பேக்கரிக்காரர் இப்போது இல்லை. டீச்சர் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த மாலைகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அவருடைய கணக்குகளில் பேர்போனது லாசருவின் கணக்கு. நண்பன் சாகக் கிடக்கிறான் என்று அவனுடைய சகோதரிகள் சொல்லி அனுப்புகிறார்கள். இயேசுவோ இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கிவிடுகிறார். இது என்ன நியாயம் என்று யாருக்கும் உறுத்தும். சர்வேயர் நூலை எடுப்பார். சேதி வந்து சேர ஏறக்குறைய ஒரு நாள், தங்கியது இரண்டு நாள், நடந்தது ஒரு நாள். ஆக நாலு. போய்ச் சேர்ந்தபோது லாசருவைப் புதைத்தும் நாலு நாள். “அப்ப சேதி சொல்ல ஆள் கிளம்பின அன்னைக்கே அவன் போயிட்டான். உடனே ஓடியிருந்தாலும் உயிரோட பாத்திருக்க முடியாது” என்று முடித்துவிட்டு, மேசையை ஒரு தட்டுத் தட்டுவார்.

அந்தத் தட்டலுக்குப் பின்னால் இருந்ததை அவர் மனைவிதான் ஒருநாள் எங்களிடம் சொன்னார். சர்வேயருடைய தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர்களுடைய அக்காதான் ஒற்றை ஆளாகப் பக்கத்தில் இருந்திருக்கிறார். இவர் அளவை முகாமில். அக்கா போன் பண்ணினார். மிச்சமிருந்த இரண்டு நாள் வேலையை முடித்துவிட்டு இவர் போய்ச் சேர்ந்தபோது அடக்கமே முடிந்துவிட்டது. “போன் வந்த அன்னைக்கே உயிர் போயிடுச்சு. இவர் கிளம்பியிருந்தாலும் பாத்திருக்க முடியாதுதான். ஆனா அதுக்கப்புறம் அக்கா இவர்கிட்ட ‘சாப்பிட்டியா, உடம்பு எப்படி’ங்கிறதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினதில்லை. முன்னாடி ரெண்டு பேரும் பேச உக்காந்தா நான் தூங்கியே போயிடுவேன். பழையபடி அக்கா பேசணும், அது ஒண்ணுதான் இவருக்கு வேணும்.”

அந்த அக்கா கண் ஆபரேஷனுக்காக வந்து தங்கினார். வியாழக்கிழமை, ஒரு கண்ணில் கட்டோடு, மேசையின் கடைசியில் வந்து உட்கார்ந்தார். யாரும் கேட்காமலேயே சர்வேயர் லாசருவின் அதிகாரத்தைத் திறந்தார். யாருக்காக என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. அக்கா பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஒன்று, இரண்டு, ஒன்று, ஆக நாலு என்று முடித்தார். மேசையைத் தட்டவில்லை.

“கணக்கு சரியாத்தான் இருக்கு” என்றார் அக்கா. “நீ வந்திருந்தா என் தம்பி செத்திருக்க மாட்டான்னு லாசருவோட கூடப்பொறந்தவ அழுதாளே, அப்ப இந்தக் கணக்கை இயேசு அவகிட்ட சொன்னாரா?”

சர்வேயர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விரலை வரிவரியாக ஓட்டிப் பார்த்தார். எங்களுக்குத் தெரிந்து அதை முப்பது தடவையாவது படித்திருப்பார்.

“சொல்லலைக்கா” என்றார்.

“வேற என்ன பண்ணினாரு?”

“அழுதாரு.”

“எனக்கு மட்டும் கணக்குத் தெரியாதாடா? பொழைக்க மாட்டான்னு டாக்டர் என்கிட்டதானே முதல்ல சொன்னாரு. நீ வந்து அவனைப் பொழைக்க வைப்பேன்னா உன்னைக் கூப்பிட்டேன்? நான் தனியா உக்காந்திருந்தேன்டா.”

என் மனைவி என் கையை இறுகப் பிடித்திருந்தாள். சர்வேயர் எழுந்தார். ஏதோ சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். தன் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அக்காவின் நாற்காலியோடு ஒட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்தார்.