ஐந்தருவியில் பாடிய ப்ளூஸ்

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டில் ப்ளூஸ் கேட்பவள் நான் ஒருத்திதான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய பாட்டு அது. தென்காசியில் கண்ணாடிக் கடை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது காதில் மாட்டிக்கொள்வேன். பெரிய பெயர்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஏதோ கொஞ்சம் பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு மறுபடி சமையல் வேலைக்கே போய்விட்ட பெண்கள், ஊர் ஊராகப் பியானோ வாசித்துக் கடைசியில் எங்கே போனார்கள் என்றே தெரியாத ஆண்கள், இவர்களைத்தான் தேடித் தேடிக் கேட்டேன். என் கணவருக்கு அது ரேடியோ சரியாக எடுக்காத மாதிரி இருக்குமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஃபோனில் அப்படி ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டிலிருந்து மதினி வந்தார். என் கணவரின் அக்கா, போலீசில் ஏட்டு. அடுப்படி வாசலில் நின்றபடியே முழுப் பாட்டையும் கேட்டார்.

"ஏட்டி, யாரை இவ இந்த ஏச்சு ஏசுதா?" என்றார்.

அதுவரை நான் அதைச் சோகப் பாட்டு என்றே நினைத்திருந்தேன். வரிகளைத் தேடிப் பார்த்தால், நேரத்துக்கு வீடு வராத புருஷனை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு வரி பாடுகிறாள், அதையே திரும்பப் பாடுகிறாள், மூன்றாவது வரியில் அடி விழுகிறது. மதினி அடக்க முடியாமல் சிரித்தார். நாள் முழுக்க ஏசுகிற வேலை தனக்கும்தான், இவ்வளவு அழகாக ஏச முடியும் என்று தெரியாமல் போயிற்றே என்றார். அதன் பிறகு டியூட்டி இல்லாத சாயங்காலங்களில் இரண்டு பேருமாகத்தான் கேட்டோம்.

இந்தக் குற்றாலச் சீசனுக்கு மதினிக்கு ஐந்தருவியில் பந்தோபஸ்து. ஒரு லீவு நாளில் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். மலையில் பெய்த மழையில் தண்ணீர் கூடி, குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். தலையில் எண்ணெய் வழியச் சாரலில் நின்ற பெண்கள் மதினியைச் சூழ்ந்துகொண்டார்கள். மதுரையிலிருந்து வந்திருக்கிறோம், பிள்ளைகள் நடுங்குகிறார்கள், எப்போது விடுவீர்கள் என்று ஆளாளுக்குச் சத்தம். பதில் சொல்லி ஓய்ந்த மதினி என்னைப் பார்த்தார். பிறகு லத்தியால் தடுப்புக் கம்பியில் மெல்லத் தட்டி, புருஷனை ஏசிய அந்த ப்ளூஸ்காரியின் மெட்டிலேயே இழுத்துப் பாடினார்.

"தண்ணி கூடிப் போச்சுன்னா நான் என்ன செய்ய?"

கூட்டம் முழுக்க மதினி பக்கம் திரும்பியது. இரண்டாம் தடவை அந்த வரி வந்தபோது, நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நானும் சேர்ந்து பாடிவிட்டேன். மதினி முடித்தார்:

"மலையேறிப் போயி மழையையா பிடிச்சு உள்ள வைக்க?"

குபீரென்று சிரிப்பு கிளம்பியது. மதுரைக்கார அம்மாள் ஒருத்தி விடவில்லை. எண்ணெய்த் தலையோடு நான் எங்கே போக என்று அதே மெட்டில் எடுத்தாள். இப்போது இரண்டாவது வரியைக் கூட்டமே பாடியது.

"வழியிற எண்ணெயில அப்பளமா பொரிக்க?" என்று அவள் அடித்தாள்.

அப்புறம் வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துவிட்டார்கள். குரங்கு பிடுங்கிப்போன பஜ்ஜிக்கு ஒன்று, லாட்ஜில் தூங்கும் புருஷனுக்கு ஒன்று. தண்ணீர் இறங்கி விசில் ஊதியபோதும், பாதியில் நின்ற பாட்டை முடித்துவிட்டுத்தான் அருவிக்குள் போனார்கள்.

குளித்து வந்த மதுரை அம்மாள், இது எந்தப் படத்துப் பாட்டு என்று மதினியிடம் கேட்டாள்.

"படம் இல்லம்மா. அமெரிக்காவுல ஒருத்தி பாடுனது. அவளை யாரும் கண்டுக்கிடல, நாங்க கேக்கோம்."

அவள் ஈரக் கையோடு ஃபோனை நீட்டினாள். பாட்டைத் தேடி வைத்துக் கொடுத்தேன். டீக்கடை ஓரத்தில் தலையைத் துவட்டியபடி அவளும் அவள் தங்கைகளும் அதைச் சத்தமாக வைத்துக் கேட்டார்கள்.