காசில்தாவும் மீதி வாக்கியமும்

“காசில்தாம்மா, வர்ற வியாழக்கிழமை வண்டி வராது, ஏன்னா…”

“ஏன்னா உன் மச்சினிக்குக் கல்யாணம். தெரியும்ப்பா, போயிட்டு வா.”

ஆரஞ்சு நிற எரிவாயு உருளையைச் சமையலறை வாசலில் இறக்கிவைத்த ஆள் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு மச்சினியே கிடையாது. லாரியின் பிரேக்கைப் பழுதுபார்க்க விட வேண்டியிருந்தது. ஆனால் அந்த மூன்றாம் மாடிக்குப் பல ஆண்டுகளாக உருளை சுமப்பவர் அவர். காசில்தாவைத் திருத்துவதைவிட இன்னொரு உருளையைச் சுமந்து ஏறுவது சுலபம் என்று அவருக்குத் தெரியும். “ஆமாம்மா, கல்யாணந்தான்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மதியச் சாப்பாட்டுக்குள் அந்தக் கட்டடம் முழுவதும் மணமகளின் வயதை விசாரிக்கத் தொடங்கியிருந்தது.

சலமான்கா நகரின் சான் பெர்னார்தோ பகுதியில், காசில்தாவிடம் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி அதைத் தாமே முடித்தவர்கள் குறைவு. கசாப்புக்கடைக்காரர் கத்தியைத் தூக்கும்போதே, அவர் கேட்க வந்த கேள்வியையும் அதற்குரிய பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதிரியார் பிரசங்கத்தின் நடுவே மூச்சு வாங்க நிறுத்தினால், முன்வரிசையிலிருந்து அடுத்த சொல் மெல்லிய குரலில் வந்து விழும். ஒருமுறை மாடிவீட்டு என்கார்னா, “என் முட்டி இருக்கே…” என்று தொடங்கியபோது, “ஆபரேஷன் பண்ணணும்” என்று காசில்தா முடித்தாள். என்கார்னா தைலம் கேட்க வந்தவள். பிறகு உண்மையிலேயே ஆபரேஷன் ஆயிற்று. இன்றைக்கும் காசில்தா அதைச் சாட்சிக்கு இழுப்பாள்.

அவள் கணக்கில் இது மரியாதை. ஒருவர் சொல் கிடைக்காமல் தடுமாறும்போது சும்மா பார்த்துக்கொண்டிருப்பது, மூட்டையோடு படியேறுகிறவரை வேடிக்கை பார்ப்பதற்குச் சமம். அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்த மேசையில் வாய்மூடி உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொருள். காய்ச்சல் இல்லாவிட்டால் கோபம். “பாவம், தவிக்க விடலாமா?” என்பாள், யாராவது காரணம் கேட்டால். கேள்வியை அவர்கள் முழுதாகக் கேட்டு முடிப்பதற்கு முன்பே.

குட்டையான உருவம். கையில்லாத, பூப்போட்ட பொத்தான் அங்கி. அதன் பையில் எந்நேரமும் துணிக்கிளிப்புகள். அவள் நடந்தால் அவை கலகலக்கும். ஜூலை பிறந்துவிட்டால், காலை வெயில் எதிர்ச் சுவரில் பாதி இறங்குவதற்குள் சன்னல்களின் சுருள்திரைகளை ஒவ்வொன்றாக நாடாவைத் தளர்த்திக் கீழே விட்டுவிடுவாள். “திறந்து வெச்சா அடுப்பு உள்ள வந்து உக்காந்துக்கும்” என்பது அவள் வாக்கு. பிறகு மாலை வரை அந்த வீட்டில் இருட்டுதான். சட்டி எது, கரண்டி எது என்று அவளுடைய கை அறியும். சமையலறையில் ஒரு மஞ்சள் கானரிக் குருவி. தின்பதும் கத்துவதும் தவிர வேறு வேலை இல்லாததால் அதற்கு அமைச்சர் என்று பெயர்.

கணவர் அமதோர் காலமாகி, மகனும் பில்பாவோ நகரில் குடியேறிய பிறகு, கோடையில் அந்த நாட்டு மொழி படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களைக் காசில்தா வீட்டில் தங்கவைக்கிறாள். மகனுடைய அறையில் கட்டில், எழுதுமேசை, மின்விசிறி. இரண்டு வேளை சாப்பாடு அவள் பொறுப்பு. குளிர்காலத்தில் அந்த மேசையில் அவளும் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவரும் மட்டுமே. அவருடைய வாக்கியங்களையும் அவள் முடித்துவைக்கத்தான் செய்கிறாள். ஆனால் அவர் ஒருநாளும் ஆமாம் என்று சொன்னதில்லை.

போன கோடையில் வந்த டென்மார்க் பையன் இரண்டாவது வாரமே வீடு மாற்றிக் கேட்டுப் போய்விட்டான். இருட்டாக இருக்கிறது என்று காரணம் சொன்னதாகக் கேள்வி. மொழிப் பள்ளியில் மாணவர்களுக்கு வீடு ஒதுக்கும் பெலென், இந்த ஜூன் மாதம் தொலைபேசியில் தயங்கித் தயங்கித்தான் பேசினாள். “காசில்தாம்மா, உங்க சமையலைப் பத்தி எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க. ஆனா இந்தத் தடவையும் யாராவது மாத்திக் கேட்டா, அப்புறம் நாங்க…” என்று நிறுத்தினாள். “அனுப்ப மாட்டீங்க” என்று காசில்தாவே முடித்தாள். வழக்கத்தைவிடச் சற்றுத் தாழ்ந்த குரலில்.

அப்படி வந்தவள்தான் எஸ்தோனியா நாட்டு த்ரீனு. வெளுத்த புருவம், நீண்ட கைகால், பெரிய வைக்கோல் தொப்பி. அந்தப் பெயர் நாக்கில் நிற்காததால் காசில்தா முதல் நாளே அவளைத் த்ரினி ஆக்கிவிட்டாள். காலையில் வகுப்பு, மாலையில் ஊர் சுற்றல், சனிக்கிழமைகளில் ஆவிலா, செகோவியா என்று பேருந்துப் பயணம். மேசையில் த்ரினி பேசுவது மூன்றே விஷயம்: ஆமாங்க, நன்றிங்க, ரொம்ப ருசிங்க.

“இன்னிக்கு நான் பார்த்தேன்… ஒரு…” என்று அவள் ஒரு மதியம் தொடங்கினாள்.

“கதீட்ரல்! கோபுரத்துல ஏறினியா கண்ணு? படி நெறைய. கால் வலிக்குதா? வலிக்கும்.”

“ஆமாங்க.”

“மேலேருந்து ஆறு தெரிஞ்சிருக்குமே.”

“ஆமாங்க. ரொம்ப ருசிங்க.”

ருசித்தது ஆறா, உருளைக்கிழங்கா என்பது தெளிவாகவில்லை. தட்டு காலியானதும் த்ரினி எழுந்துவிட்டாள். அந்த ஊரில் சாப்பாடு முடிந்ததும் யாரும் எழுவதில்லை; ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒதுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருப்பதுதான் சாப்பாட்டின் பின்பாதி. இவளோ தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, ஊரே திரை இறக்கித் தூங்கும் வெயிலில் தெருவில் இறங்கினாள். தினமும் இப்படித்தான். கதவிலிருந்த பார்வைத் துளை வழியே காசில்தா அந்தத் தொப்பி படியிறங்கி மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கட்டடத்தின் செய்திகள் போய்வருவது உள்முற்றத்துத் துணிக்கொடிகளின் வழியாக. புதன்கிழமை காலை மேலேயிருந்து என்கார்னாவின் தலை எட்டிப்பார்த்தது.

“ஏன்டி காசில்தா, உன் பொண்ணு நேத்தும் வெயில்ல கெளம்பிட்டாளே?”

“தொப்பி போட்டுக்கிட்டுத்தான் போறா.”

“தொப்பி போட்டா ஆச்சா? அந்த நேரத்துல நாய்கூடத் தெருவுல நிக்காதுடி. உன் சமையல் ஒத்துக்கலையோ?”

“தட்டை வழிச்சுத் திங்கறா.”

“அப்ப அந்த இருட்டுதான் ஒத்துக்கலே. போன வருசம் அந்த டென்மார்க் பையன்…”

“அவன் பேச்சை எடுக்காதே.”

“அட இருடி, நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல வீடு எப்படின்னு கேப்பாங்க, இவளும் மாத்திக் கேட்டுடுவான்னு சொல்ல வந்தே. தெரியும்.”

என்கார்னா சொல்ல வந்தது சரியாக அதுவேதான். தன் வாழ்நாளில் முதல்முறையாகக் காசில்தாவுக்குத் தான் சரியாக முடித்தது பிடிக்கவில்லை. கையிலிருந்த கிளிப்பை ஒரே தலையணை உறையில் இரண்டு தடவை குத்தினாள்.

வியாழக்கிழமை மதியம் அவள் தூங்கவில்லை. தொப்பி படியிறங்கியதும் அமதோரின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விசிறியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். அந்த நேரத்தில் தன் ஊரை அவள் பார்த்து எத்தனையோ காலமாகிறது. கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கியிருந்தன. மஞ்சள் கல் சுவர்கள் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைப்போலச் சூடு வீசின. இந்தப் பெண்ணுக்கு இந்த வெயிலில் என்ன தேவை? காதலனா? அழுவதற்கு ஓர் இடமா? சிப்பி பதித்த மாளிகையைத் த்ரினி நின்று பார்க்கவில்லை. கதீட்ரல் வாசலையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நேரே சரிவில் இறங்கி, தோர்மெஸ் ஆற்றங்கரைக்கு, ரோமானியர் கட்டிய பாலத்தின் முனைக்குப் போனாள். அங்கே ஒரு கல் காளை நிற்கிறது. மிகப் பழையது. தலை கிடையாது.

கரையோரத்துச் சிறிய தேவாலயத்தின் நிழலில் காசில்தா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். த்ரினி பையைக் கீழே வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு, வீட்டில் ஒருநாளும் கேட்டிராத உரத்த குரலில் காளையிடம் பேசத் தொடங்கினாள்.

“இன்னிக்கு நான் பார்த்தேன்… ஒரு…”

உடனே காளையின் மறுபக்கம் தாவினாள். ஒரு கையை இடுப்பில் வைத்து மோவாயைத் தூக்கினாள். பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கலகலக்க ஆட்டினாள். “கதீட்ரல்! படி நெறைய! கால் வலிக்குதா கண்ணு? வலிக்கும்!”

மறுபடி இந்தப் பக்கம் வந்து, தன் குரலில், “இல்லீங்க. கதீட்ரல் இல்லீங்க. நான் சொல்ல வந்தது வேற” என்றாள்.

அந்தச் சாவிக்கொத்து என்ன என்று காசில்தாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கை தானாக அங்கிப் பைக்குப் போய்க் கிளிப்புகளை அழுத்திப் பிடித்துக்கொண்டது. சிரிப்பு முதலில் வந்தது. அச்சு அசலாக அவளேதான். சிரிப்பு அடங்கியதும் ‘வேற’ என்ற சொல் மட்டும் மிஞ்சி நின்றது. கதீட்ரல் இல்லையென்றால் இந்தப் பெண் எதைத்தான் பார்த்தாள்?

த்ரினி காளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அது குறுக்கே பேசவில்லை. “நாளைக்குப் பள்ளிக்கூடத்துல கேப்பாங்க. வீடு எப்படின்னு. நான் சொல்லுவேன்…” அவள் வானத்தைப் பார்த்தாள். “நான் சொல்லுவேன்…”

நிழலில் நின்றவளின் உதடுகள் அசைந்தே விட்டன. விசிறியை மடக்கி வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்போது பார்த்துச் சுற்றுலாப் பேருந்து ஒன்று வந்து நின்று, குடைகளோடு ஒரு கூட்டத்தை இறக்கியது. குழாயை மூடியதுபோலத் த்ரினியின் பேச்சு நின்றது. தொப்பியை அணிந்துகொண்டு, எல்லோரையும்போல ஊர் பார்க்க வந்தவளாகிப் பாலத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்து குளிர்ந்த தண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டு காசில்தா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்கார்னா இருமுறை கூப்பிட்டும் சன்னலுக்குப் போகவில்லை. “வேறன்னா என்னடா அது?” என்று கானரியிடம் மட்டும் கேட்டாள். அமைச்சர் தினையைக் கொத்திக்கொண்டிருந்தார்.

அன்று மாலை த்ரினி வந்து, “நாளைக்கு…” என்று வாயெடுத்தாள்.

“பள்ளிக்கூடம்!” என்றாள் காசில்தா. சொல் வெளியேறிய பிறகுதான் கையால் வாயைப் பொத்தினாள்.

“ஆமாங்க” என்று சொல்லிவிட்டுத் த்ரினி அறைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை முழுவதும் காசில்தா தொலைபேசி இருக்கும் நடையையே பெருக்கிக்கொண்டிருந்தாள். போன வருடம் பெலென் கூப்பிட்டது சாப்பாட்டுக்கு முன்பு. இந்த முறை மணி அடிக்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று அவளால் முடிவுகட்ட முடியவில்லை. சிவப்பு மிளகாய்த்தூள் போட்டு மசித்த உருளைக்கிழங்கும், மேலே தூவப் பொரித்த பன்றிக்கறித் துண்டுகளும் தயாராக இருந்தன. தொலைக்காட்சியை அணைத்தாள். எப்போதும் மேசை நடுவில் இருக்கும் ரொட்டியை எடுத்துத் தன் தட்டின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

த்ரினி வந்து, கை கழுவி, உட்கார்ந்து சாப்பிட்டாள். வீட்டில் அவ்வளவு அமைதி இருந்ததால் அமைச்சர்கூடக் கத்துவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். தட்டு காலியாயிற்று. வழக்கம்போல் நாற்காலி பாதி பின்னே நகர்ந்தது. பிறகு நின்றது.

“பள்ளிக்கூடத்துல… இன்னிக்கு என்னைக் கேட்டாங்க.”

காசில்தாவின் வாய் திறந்தது. திறந்த வாயில் ஒரு துண்டு ரொட்டியைப் போட்டுக்கொண்டாள்.

“வீடு… எப்படின்னு.”

இன்னொரு துண்டு.

“நான் சொன்னேன்…” த்ரினி கண்ணை மூடிக்கொண்டாள். ஓடையில் கல் விட்டுக் கல் தாண்டுகிறவளைப்போல ஒவ்வொரு சொல்லாகக் காலூன்றினாள். “நான்… இங்கயே… இருக்கேன்னு சொன்னேன்.”

மெல்லுவது நின்றது. காசில்தா விழுங்கினாள். எழுந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள மேசையில் கையை ஊன்றியும் விட்டாள். ஆனால் த்ரினி ஒரு விரலைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் முடிக்கவில்லை.

“ஆனா…”

அந்த ‘ஆனா’வுக்குக் காசில்தாவிடம் முடிவுகள் வரிசைகட்டி நின்றன: இருட்டு, விடியற்காலையில் அமைச்சரின் கத்தல், உருளைக்கிழங்கில் எண்ணெய், குளியலறையில் வெந்நீர் வராத குழாய். ஒவ்வொன்றும் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது. மேலேயிருந்து உள்முற்றத்தின் வழியே, “ஏன்டி காசில்தா, பொண்ணு என்ன சொல்…” என்று என்கார்னாவின் குரல் இறங்கியது. திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டிக் காசில்தா சன்னலைச் சாத்தினாள்.

த்ரினி நாற்காலியை மறுபடி மேசையோரம் இழுத்துப்போட்டுக்கொண்டாள். முழங்கைகளை ஊன்றி, தேடும் சொல் அங்கேதான் எங்கோ இருக்கிறது என்பதுபோல மேற்கூரையைப் பார்த்தாள்.

காசில்தா ரொட்டியின் கடைசிப் பெரிய துண்டை அப்படியே எடுத்து முழுதாக வாய்க்குள் திணித்தாள். இரண்டு கன்னமும் உப்ப, கையில் மோவாயைத் தாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.