அஜிஷாவின் ஸ்ட்ரெச்சர்

பாறசாலைப் பக்கத்துப் பள்ளியில் ரெட் கிராஸ் கிளப்புக்குத் தலைவி பத்தாம் வகுப்பு அஜிஷா. மூன்று வருடம் கட்டுப்போடப் பழகியும் கட்டுவதற்கு ஒரு காயம் கிடைக்காமல், வீட்டு ஆட்டின் காலுக்குக் கட்டுப்போட்டு ஆசையைத் தீர்த்துக்கொண்டவள்.

விளையாட்டு விழாவின் நீண்ட ஓட்டத்தில், எல்லோரையும் வெகுதூரம் பின்னே விட்டுவந்த ஒன்பதாம் வகுப்பு எபின் கடைசி வளைவில் தடுக்கி விழுந்தான். அவன் எழுவதற்குள் அஜிஷாவின் படை அவனை ஸ்ட்ரெச்சரில் அள்ளிப்போட்டு ஓடியது.

“எக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல! எறக்கி விடு!”

“மிண்டாம கெட மக்கா!” என்று அவன் வாயை அடைத்தாள் அஜிஷா.

முதலுதவிப் பந்தல் எல்லைக்கோட்டுக்கு அப்பால் இருந்தது. மைதானமே கூவ, ஸ்ட்ரெச்சர்தான் முதலில் நாடாவை அறுத்தது. எபின் படுத்தபடியே இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

அஜிஷாவின் கண்ணோ, பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்தவர்கள் மேல் இருந்தது.

“எலே, இவன எறக்குங்கலே! அங்க நாலு பேருக்கு மூச்சு முட்டுதாக்கும்!”