கூரைகளை அளந்த வரைபடம்

மும்பை செம்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போது ஆபீஸ் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. முத்தையா அன்று காலை மாரடைப்பில் இறந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. "பாவி மனுசா, பதில் சொல்லாமலே போயிட்டீரே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கூட இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். முத்தையாவை நேசித்த நீங்கள் எல்லோரும் படிக்கிற இந்த நினைவு மலரில் இப்படித் தொடங்குவதற்கு மன்னிக்க வேண்டும். இருபது வருடம் அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். கோபப்பட எனக்கு உரிமை உண்டு.

நாங்கள் இருவரும் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர்கள். நிலத்தின் உயரத் தரவுகளை வைத்து வரைபடம் போடுவதுதான் வேலை. தரவில் நிலம் சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும். கட்டத்துக்கு ஓர் உயரம். ஒரு கட்டம் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களிலிருந்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கணக்கிட்டால் அந்த இடத்தின் கரடுமுரடு தெரிந்துவிடும்; அது அதிகமான இடம் வரைபடத்தில் சிவப்பாக வரும். முத்தையா இதற்கு மவுஸைத் தொடமாட்டார். கறுப்புத் திரையில் ஒரே வரியில் கட்டளை அடிப்பார். எந்தத் தரவு உள்ளே போனது, எந்த வரைபடம் வெளியே வந்தது என்பதெல்லாம் அந்த வரியிலேயே இருக்கும். அடித்த வரிகளை ஒன்றுவிடாமல் ஒரு கோப்பில் சேர்த்து, வரைபடத்தோடு வைத்துவிடுவார். "நாளைக்கு எவன் வந்து கேட்டாலும் நம்மகிட்ட ஜவாப் இருக்கணும் வே" என்பார்.

ஒருமுறை பயிற்சிக்காகத் தாராவிக்கே கரடுமுரடு வரைபடம் போட்டேன். சமதளமான தாராவி, பெரிய மலைத்தொடர் மாதிரிச் சிவப்பாக வந்து நின்றது. முத்தையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நம்ம ஏரியால மலை எங்க வே இருக்கு? நீரு அளந்தது தரைய இல்ல, கூரைய." நான் எடுத்த தரவில் செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்த உயரம் இருந்தது. அதில் தகரக் கூரையும் மாடியும் மரமும் சேர்ந்துவிடும். வெறும் தரையின் உயரம் வேண்டுமென்றால் தனித் தரவு கேட்டு வாங்க வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் அவர்தான். அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

இந்த வருடம் மும்பைப் புறநகரான பாண்டுப்பில் மாநகராட்சிக்கான மலைச்சரிவு வேலை வந்தது. கரடுமுரடை வைத்து, எந்தச் சந்துகள் குடியிருக்க ஆபத்தானவை என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். இடம் பார்க்கப் போன அன்று, அந்தச் சரிவிலேயே இருக்கும் என் அக்கா வீட்டில்தான் சாப்பிட்டோம். முத்தையா மீன்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். கிளம்பும்போது, "அக்கா, ஒண்ணும் பயப்படாதிய. நாங்க சரியாத்தான் போடுவோம்" என்றார். ரிப்போர்ட் தயாரானதும் அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன். கட்டளைக் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முத்தையா செய்ததை யாராவது சரிபார்ப்பார்களா?

மூன்றாம் வாரம் அக்கா போன் செய்தாள். "எல, நாங்க இருக்கது டேஞ்சர் எடம்னு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிட்டான். அம்புட்டுத் தூரம் அம்பர்நாத்துக்குப் போணுமாம். அத்தான் வேலை, புள்ளைக ஸ்கூலு எல்லாம் இங்கதானல இருக்கு? நீதானல அந்த மேப்பு போட்ட?"

அன்றைக்குத்தான் அந்தக் கோப்பைத் திறந்தேன். உள்ளே போயிருந்தது கூரைத் தரவு. வீடுகள் நெருக்கமாக இருந்த சந்துகள் எல்லாம், வீடுகள் இருந்ததாலேயே, சிவப்பாகியிருந்தன.

ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"தெரியும் வே" என்றார்.

"தெரிஞ்சேவா அனுப்புனீரு?"

"டேட்டா விக்கிறவன் தரை டேட்டா வர ரெண்டு வாரம் ஆகும்னான். நம்ம மொதலாளி சேட்டுக்கு மண்டேக்குள்ள ரிப்போர்ட் வேணும். நான் என்ன செய்ய?"

"இது கூரைன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்லா?"

"எழுதுனா சேட்டு வாங்கியிருப்பானா?"

"அது எங்க அக்கா வீடு வே. உமக்குச் சோறு போட்டவ வீடு."

அரை கிளாஸ் கட்டிங் சாயைக் குடித்து முடித்தார். பிறகு, "திருத்திருவோம். கொஞ்சம் டைம் குடும். ஆபீஸ்ல சொல்லிராதீரும்" என்றார். நம்பினேன். இரண்டு மாதம் பொறுத்தேன். சாப்பிட வேறு மேசைக்குப் போனார், போனை எடுக்கவில்லை. நானாவது அதிகாரிகளுக்கு எழுதியிருக்கலாம். அவரே திருத்தினால் அவர் பெயர் கெடாது என்று காத்திருந்தேன். அங்கே அக்கா வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இதை நான் அவருக்கு மன்னிக்கவில்லை. எனக்கும்தான்.

அவருடைய காரியம் முடிந்தபின் தரைத் தரவை வாங்கி, அதே கட்டளையை மறுபடி ஓட்டினேன். இரண்டு சந்துகள் சிவப்பாகவே இருந்தன. அக்காவின் சந்து உட்பட மற்றவை மாறிவிட்டன. முந்தைய வரைபடம் தவறு என்று அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, அதைச் செய்தவர்கள் என்று இரண்டு பேர் பெயரையும் போட்டேன். முத்தையாவின் மனைவியிடம் முதலில் காட்டினேன். "செத்த மனுசன் பேர எடுத்துருங்கண்ணே" என்று அழுதார். எடுக்கவில்லை. எடுத்தால் அது இன்னொரு பொய் ரிப்போர்ட் ஆகிவிடும்.

அக்கா குடும்பம் இன்னும் பாண்டுப்பில்தான் இருக்கிறது. அதிகாரிகளின் பதில் வரவில்லை. கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. அதில் என் பெயருக்கு மேலே கையெழுத்து இருக்கிறது. அவர் பெயருக்கு மேலே இருக்கும் காலி இடத்தைத்தான் முத்தையாவின் நினைவாக நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.