வேன் பழுது என்று நான் சொன்ன பொய்

சகோதர சகோதரிகளே, இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

புக்கிட் காத்திலில் உள்ள எங்கள் சபையில் நான் வேன் ஓட்டுகிறேன். ஞாயிறு காலையில் அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் விசுவாசிகளை ஏற்றி வருவேன். மாதம் ஒருமுறை பிரசங்கமும் செய்வேன்.

கடைசியாக ஏறுகிறவர் சூசை அண்ணன். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். சர்க்கரை நோயால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. சக்கர நாற்காலியோடு அவரை ஏற்றி முடிக்க கால் மணி நேரம் ஆகும். ஆராதனையில் பாதிப் பாட்டு முடிந்த பிறகுதான் போய்ச் சேருவோம். வேனில் முணுமுணுப்பார்கள். எனக்கும் எரிச்சல்.

போன வருடம் ஒரு நாள் அவருக்கு போன் செய்தேன். "அண்ணே, வேன் ரோசாக், பழுதாயிடுச்சு. சாமான் வரணுமாம். சரியானதும் நானே வந்து ஏத்திக்கிறேன்."

"பரவால்ல லா தம்பி. நீ கவலப்படாத" என்றார்.

அடுத்த ஞாயிறு சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் ஜெபத்தில் உட்கார்ந்தால் ஒரே எண்ணம். 'சூசையைப் போய்ப் பார்.' என் மனம்தான் ஏதோ சொல்கிறது என்று தள்ளிவிட்டேன். ஐந்து வாரம் தள்ளினேன். ஐந்தாவது வாரம் பிரசங்கம் என்னுடைய முறை. அன்பைப் பற்றிப் பேச எழுதிக்கொண்டிருந்தேன். மறுபடியும் அதே எண்ணம். "ஆண்டவரே, முதல்ல இந்தச் செய்திய முடிச்சிடுறேன்" என்றேன். அவர் கொடுத்த செய்தியை ஒதுக்கிவிட்டு, அவரைப் பற்றிய செய்தியை எழுதினேன்.

ஞாயிறு பிரசங்கம் நன்றாகப் போனது. சிலர் அழுதார்கள். முடிந்ததும் மேரி சிஸ்டர் கை கொடுத்தார். "நல்லா பேசுனீங்க பிரதர். சூசை அண்ணன் இத கேட்டிருக்கணும். அவருக்கு என்ன ஆச்சு?"

சாப்பிடாமலே வேனை எடுத்தேன்.

சூசை அண்ணன் வீட்டுக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. கூப்பிட்டேன். சத்தம் இல்லை. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா வெளியே வந்தார். "காலையிலேர்ந்து ஆளயே காணோம் தம்பி. வேன் சரியாகி நீங்கதான் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

அந்த வாசலிலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அவர எடுத்துக்காதீங்க. என் பொய்க்கு அவர தண்டிக்காதீங்க."

அக்காவின் கணவரும் நானும் பின்கதவை உடைத்தோம். அண்ணன் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் கண் திறந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வேன் சரியாயிடுச்சா தம்பி? தெனம் ஒன் வேனுக்காகத்தான் ஜெபம் பண்ணேன்."

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். வேன் பழுதாகவே இல்லை, நீங்கள் ஏறத் தாமதமாகிறது என்பதற்காகப் பொய் சொன்னேன் என்றேன்.

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அழுதேன். அடுத்த நாளும் போனேன். அவர் பேசவில்லை. கொண்டுபோன கஞ்சியையும் தொடவில்லை. மூன்றாம் நாள் நான் எழுந்து கிளம்பும்போது கேட்டார்: "ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வருவ?"

அன்று நான் அழுதது வேறு அழுகை.

அவர் உயிரைக் காத்த தேவனுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் கேட்கப்பட்டது என் ஜெபம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பழுதாகிக் கிடந்தது வேன் அல்ல, நான். எனக்கே தெரியாமல் ஒருவர் எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். சபையில் எல்லோர் முன்பும் என் பொய்யை அறிக்கை செய்தேன். ஆராதனை நேரத்தை அரை மணி தள்ளி வைத்தார்கள். நாற்காலியைத் தூக்க இப்போது வேனிலிருந்து மூன்று பேர் இறங்குகிறார்கள்.

அன்பானவர்களே, ஜெபத்தில் உங்களுக்கு ஒருவர் பெயர் வந்தால், நான் தள்ளியதுபோல் தள்ளாதீர்கள். தேவனை நம்பி எழுந்து போங்கள். கதவு இன்னும் திறக்கக்கூடியதாக இருக்கும்போதே போங்கள்.